மூணு நாள், மூணு வாடிவாசல்... காப்பீடு எந்த இடத்தோட நிக்குது?

2017 ஜனவரியில் மெரினாவிலும் தமுக்கத்திலும் ராத்திரி பகலா உட்கார்ந்து ஜல்லிக்கட்டை மீட்டோம். 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வும் நம்ம சட்டம் செல்லும்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. விளையாட்டைக் காப்பாத்தியாச்சு. விளையாடுறவரையும் வேடிக்கை பார்க்க வர்றவரையும் காப்பாத்துற வேலை இன்னும் பாக்கி இருக்கு நண்பர்களே.

பொங்கலுக்கு அவனியாபுரம், அடுத்த நாள் பாலமேடு, அதுக்கடுத்த நாள் அலங்காநல்லூர். அப்புறம் புதுக்கோட்டை, சிவகங்கை, திருச்சின்னு மாசக்கணக்கில் ஊர் ஊரா நடக்கும். மாடு முட்டி ஒருத்தர் இறந்தா, நிவாரணம் அறிவிப்பாங்க. அது வேண்டாம்னு சொல்லல. ஆனா நிவாரணம் அறிவிச்சாத்தான் வரும். காப்பீடு இருந்தா அந்தக் குடும்பம் கேட்டு வாங்கலாம்.

நிவாரணம் கருணை. காப்பீடு உரிமை.

"அதான் வருஷம் 20 ரூபா கட்டுற பிரதமர் விபத்துக் காப்பீடு இருக்கே?"ன்னு கேட்கலாம். கண்டிப்பா எடுத்து வைங்க. ஆனா அது 18 முதல் 70 வயசு வரை, வங்கியிலோ தபால் நிலையத்திலோ கணக்கு இருக்கறவங்களுக்கு மட்டும். இறந்தா 2 லட்சம். கேலரியில் நிக்கிற 16 வயசுப் பையனுக்கு அதுல இடமே இல்ல. விழா நடத்துற கமிட்டியோட பொறுப்பையும் அது ஏத்துக்காது.

விழாவுக்குன்னே தனியா பாலிசி எடுக்கணும். எடுக்கும்போது நாலு விஷயம் பாருங்க:

👉 இடம்: பாலிசியில் எழுதின இடத்துக்குத்தான் காப்பீடு. "வாடிவாசல்"னு மட்டும் எழுதினா போதாது. களத்தைத் தாண்டி ஓடுற மாட்டைப் பிடிக்கிற கலெக்‌ஷன் பாயின்ட்லயும் உயிர் போயிருக்கு. அந்த இடமும், மாடு வரிசையில் நிக்கிற ரோடும் பேரோட இருக்கணும்.

👉 நாள்: போட்டி நாள் மட்டும் கணக்கில்ல. கேலரி கட்டுற நாள், பிரிக்கிற நாள் ரெண்டும் சேரணும். சாரத்துல இருந்து விழுற தொழிலாளியும் மனுஷன்தான்.

👉 தொகை: பொறுப்புக் காப்பீட்டில் ரெண்டு வரம்பு இருக்கும். ஒரு விபத்துக்கு இவ்வளவு, மொத்த காலத்துக்கும் இவ்வளவு. ரெண்டும் 50 லட்சம்னு வைங்க. முதல் நாளே ஒரு பெரிய விபத்து அதை முழுசா தின்னுட்டா, மூணாவது நாள் சும்மா பேப்பர்தான் கையில் இருக்கும். பல நாள் விழாவுக்கு மொத்த வரம்பு பல மடங்கு இருக்கணும்.

👉 விலக்கு: ஆபத்தான விளையாட்டுக்குக் கிடையாதுன்னு பல விபத்து பாலிசிகளில் சின்ன எழுத்தில் இருக்கும். "மாடுபிடி வீரருக்கும் பொருந்தும்"னு எழுத்துல வாங்குங்க.

இதெல்லாம் நடக்குற காரியமான்னு கேட்கறவங்க மும்பையைப் பாருங்க. கிங்ஸ் சர்க்கிள் ஜிஎஸ்பி சேவா மண்டல் நடத்துற விநாயகர் சதுர்த்தி அஞ்சு நாள் விழா. 2022-ல் அவங்க எடுத்த காப்பீடு 316.40 கோடி ரூபாய். சாமி நகைக்கு சுமார் 32 கோடிதான். 263 கோடி யாருக்கு? தன்னார்வலர், அர்ச்சகர், சமையல்காரர், செருப்பு பார்த்துக்கிறவர், பார்க்கிங் ஆள், செக்யூரிட்டி... எல்லாரோட உயிருக்கும்!

அவங்க பணக்கார மண்டல், ஒத்துக்கறோம். ஒரு கிராமத்துக் கமிட்டி தனியாப் போய் இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட பேரம் பேச முடியாது. அதனாலதான் கேட்கிறோம்: மாவட்டத்துக்கு ஒரே மாஸ்டர் பாலிசி. சீசன்ல அனுமதி வாங்குற எல்லா ஊரும், எல்லா நாளும் அதுக்குள்ள வரட்டும். அனுமதி ஆணையோட ஊர் பேரும் தேதியும் தானா சேரட்டும். பிரீமியத்தில் அரசு ஒரு பங்கு, கமிட்டி ஒரு பங்கு. பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் தலைமையகமே சென்னையிலதான் இருக்கு, டெல்லி வரைக்கும் போகத் தேவையில்ல.

முதல் பரிசுக்குக் கார் கொடுக்க ஸ்பான்சர் கிடைக்கிறாங்க. பிரீமியம் கட்ட ஒருத்தர் கிடைக்க மாட்டாரா?

உங்க ஊர் கமிட்டிகிட்ட இப்பவே கேளுங்க. பாலிசி நகலை வாடிவாசல் பக்கத்துல எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒட்டச் சொல்லுங்க. கேட்கிறது நம்ம உரிமை. பகிருங்கள்!

#ஜல்லிக்கட்டு #வீரருக்கும்_காப்பீடு

– தகவல் தொழில்நுட்ப அணி