இயந்திரத்தின் கையில் ஞானஸ்நானப் பதிவேடு

செயற்கை நுண்ணறிவு பற்றித் திருச்சபைகள் பேசத் தொடங்கி ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆகின்றன. 2020 பிப்ரவரியில் வத்திக்கான் முன்னெடுத்த ‘ரோம் அழைப்பு’ ஆவணத்தில் மைக்ரோசாப்ட், ஐபிஎம் நிறுவனங்கள் கையெழுத்திட்டன. 2025 மே மாதம் பொறுப்பேற்ற போப் 14-ஆம் லியோ, தாம் அந்தப் பெயரைத் தேர்ந்ததற்கான காரணத்தைக் கர்தினால்களிடம் விளக்கினார். 13-ஆம் லியோ 1891-இல் ஆலைத் தொழிலாளர் நிலை குறித்துச் சுற்றுமடல் எழுதியவர். இன்று மனித மாண்புக்கும் நீதிக்கும் உழைப்புக்கும் செயற்கை நுண்ணறிவு புதிய சவாலாக வந்திருக்கிறது என்றார் புதிய போப்.

இதை நாம் வரவேற்கிறோம். ஆனால், ரோமில் பேசப்படும் மாண்புக்குப் பரமக்குடியிலும் திருவாடானையிலும் தங்கச்சிமடத்திலும் என்ன பொருள்? சிவகங்கை கத்தோலிக்க மறைமாவட்டமும், சி.எஸ்.ஐ. மதுரை–இராமநாதபுரம் திருமண்டலமும் தலித் மக்களைப் பெருமளவில் கொண்டவை. இங்குள்ள தலைவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இயந்திரத்தை அல்ல. அது எதைப் படித்து வளர்கிறது என்பதை.

எழுதப்பட்டதைத்தான் அது படிக்கிறது. எழுதும் உரிமை நெடுங்காலம் யாரிடம் இருந்தது என்பது நமக்குத் தெரியும். 2025 அக்டோபரில் ‘எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ’ இதழ் சாட்ஜிபிடியின் மொழி மாதிரியைச் சோதித்தபோது, அறிவாளிக்குப் பிராமணரையும், சாக்கடை அள்ளுபவருக்குத் தலித்தையும் அது பொருத்தியது. ஊர் சொன்னதையே இயந்திரமும் சொல்கிறது. ஊரோடு வாதிடலாம், இதனோடு யார் வாதிடுவது?

தலித் கிறிஸ்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அவர்கள் பதிவுகளில் காணாமல் போனவர்கள். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என வரையறுத்தது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியே நிற்கிறார்கள்.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த கிறிஸ்தவ ஆதிதிராவிடர் ஒருவருக்கு அரசின் இலவசக் கடைப்பெட்டி மறுக்கப்பட்டது. அதுதான் 1985-இல் தீர்ப்பான சூசை வழக்கு. மதம் மாறிய பின்னும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதைக் காட்டும் ஆழமான ஆய்வு எதுவும் முன்வைக்கப்படவில்லை என்றது உச்ச நீதிமன்றம். கொடுமை இருந்தது, அதைச் சொல்லும் தரவு இல்லை. 2022-இல் அமைக்கப்பட்ட நீதிபதி பாலகிருஷ்ணன் ஆணையமும் இதே கேள்வியைத்தான் ஆராய வந்தது.

அப்படியானால் எல்லாப் பதிவேடுகளையும் கணினியில் ஏற்றிவிடலாமா? இங்குதான் எச்சரிக்கை தேவை. 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவரின் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. அவர் குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானத்தின் பதிவும், ஆலயத்துக்குச் செல்லும் வழக்கமும் சான்றுகளாயின. சான்றிதழில் ஒன்று, வழிபாட்டில் ஒன்று என வாழும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இதை ஏமாற்று என்பவர்கள், அவர்களை அந்த இரட்டை வாழ்வுக்குத் தள்ளிய சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

இதுவரை அந்தப் பதிவேடு பங்கு அலுவலக அலமாரியில் இருந்தது. ஒரு பெயரைத் தேட ஒரு நாள் ஆகும். நாளை அது கணினிக்குப் போனால், ஆயிரம் பெயர்களைச் சாதிச் சான்றிதழ்களோடு ஒப்பிட ஒரு நிமிடம் போதும். ஒரு பிள்ளையின் கல்லூரி இடமும் ஒரு தகப்பனின் வேலையும் அந்த ஒரு நிமிடத்தில் தொங்கும்.

நம் கடற்கரைக்கு ஒரு வகைப்பாட்டின் வலிமை ஏற்கெனவே தெரியும். 2021 சட்டத் திருத்தம் தேவேந்திரகுல வேளாளர் பெயரின் கீழ் கடையன் உள்ளிட்ட ஏழு பிரிவுகளைத் தொகுத்தது. ஆனால், இராமநாதபுரம் உள்ளிட்ட ஏழு மாவட்டங்களின் கடலோரப் பகுதிகளில் வாழும் கடையர் அதில் இல்லை. ஒரே பெயர், உள்நாட்டில் ஓர் உரிமை, கரையோரத்தில் வேறு. இந்த நுணுக்கம் அறியாத கணினி, விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டுக் காரணமும் சொல்லாது.

ஆகவே ஆயர்களிடமும் பேராயர்களிடமும் போதகர்களிடமும் நாம் கேட்பது நான்கு.

ஒன்று, ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளை உரியவரின் ஒப்புதலின்றி எந்த நிறுவனத்தின் செயலிக்கும் தரக்கூடாது. 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலையே அடிப்படையாக வைக்கிறது.

இரண்டு, திருச்சபைப் பள்ளி, கல்லூரி, மருத்துவமனைகளில் மாணவர் சேர்க்கையையும் ஆள் தேர்வையும் இயந்திரத்தின் மதிப்பெண்ணுக்கு விட்டுவிடக்கூடாது. மறுக்கப்பட்டவர் காரணம் கேட்டால் பதில் சொல்ல ஒரு மனிதர் இருக்க வேண்டும்.

மூன்று, சூசை வழக்கில் இல்லாமல் போன ஆய்வைத் திருச்சபைகளே செய்ய வேண்டும். ஆலயத்திலும் கல்லறையிலும் பணியிடத்திலும் நிலவும் பாகுபாட்டை, பெயர் வெளியாகாமல், மக்களின் ஒப்புதலோடு பதிய வேண்டும். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை திருச்சபைக்குள் சாதி இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதை எண்ணிக்கையாகக் காட்டுவது அடுத்த படி. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படவிருக்கும் நிலையில் இது உடனடித் தேவை.

நான்கு, இவற்றை முடிவு செய்யும் குழுக்களில் தலித் பொதுநிலையினர், குறிப்பாகப் பெண்கள், இடம்பெற வேண்டும்.

1693-இல் ஓரியூரில் உயிர்நீத்த அருளானந்தர், பண்டாரச் சாமியாக வேடம் பூண்டு ஊர் ஊராக நடந்தவர். தாழ்த்தப்பட்ட மக்களிடம் செல்வதற்கென்றே மதுரை மறைப்பணித்தளம் வகுத்த கோலம் அது. மேல்சாதியாருக்குத் தனிக் குருக்கள் இருந்தார்கள். அந்தப் பிரிவினையின் நிழல் மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகும் விலகவில்லை. அதை அப்படியே இயந்திரத்துக்கும் கற்றுக்கொடுத்துவிட்டு மனித மாண்பைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில் பயனில்லை. அலமாரிச் சாவி இன்னும் பங்குத்தந்தையின் கையில்தான் இருக்கிறது. அதை யாரிடம் கொடுக்கிறார் என்பதில் தொடங்கட்டும் திருச்சபையின் செயற்கை நுண்ணறிவுக் கொள்கை.