டிகாக்ஷன் சக்கை

1931-ஆம் வருஷம் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அது முதல் இப்பக்கத்து வீடுகளில் காலை வேளையில் இரண்டு அவசரங்கள்: ஒன்று ரயில், மற்றொன்று காப்பி. ரயில் தவறினால் அடுத்தது வரும். காப்பி தவறினாலோ அன்றைய தினமே போயிற்று!

ஆனால் பில்டரில் தங்கும் சக்கையைப் பற்றி யாரும் சிந்திப்பதில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினால், எண்ணெய்ப் பிசுக்குடன் சேர்ந்து குழாயை அடைத்துவிடும். குப்பையில் போட்டாலும் அது மறைந்துவிடுவதில்லை. தென் சென்னைக் குப்பையை வெகு காலம் பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலேயே கொட்டி வந்தார்கள். 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சதுப்பு நிலம் அது. நாம் வேண்டாமென்று எறிவது பறவைகளின் வீட்டில் போய் விழுந்தது.

"சக்கை நல்ல எருவாயிற்றே!" என்பார்கள் சகோதரிகள். வாஸ்தவம். நானும் அப்படி நம்பித் தினந்தோறும் ஈரச் சக்கையைத் துளசித் தொட்டியில் போட்டு வந்தேன். ஒரு மாதத்தில் மேல்மண் அடைபோல் இறுகியது, விட்ட நீர் உள்ளே இறங்கவில்லை, துளசி வாடிற்று. காரணம் பிற்பாடுதான் விளங்கியது. பொடி மிக நுண்ணியதாதலால் இறுகிக்கொள்கிறது. அதில் எஞ்சிய காபீன் இளஞ் செடிகளின் வளர்ச்சியைத் தடுக்கிறது. நூற்றுக்குச் சுமார் 2 பங்கு தழைச்சத்து அதில் உண்டாயினும், மக்கினாலன்றி அது வேருக்குக் கிட்டாது.

ஆகவே சக்கையை முதலில் மக்க வைக்க வேண்டும். அடியில் துவாரமிட்ட பழந்தொட்டியில் சருகு, காய்கறித் தோல், சிறிது மண் இவற்றுடன் கலந்து மூடி வையுங்கள். மொத்தத்தில் சக்கை ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. வாரம் ஒருமுறை கிளறி, ஈரம் குன்றாமல் காத்தால், மூன்று நான்கு மாதங்களில் கறுத்து உதிரும் எரு கிடைக்கும். சிக்கரி கலந்த சக்கையானாலும் பாதகமில்லை. அதுவும் ஒரு செடியின் வேர்தானே!

மிஞ்சியதை உடனே வெயிலில் உலர்த்திவிடுங்கள். ஈரமாயிருந்தால் பூசணம் பிடிக்கும். உலர்ந்த சக்கையைக் கிண்ணத்திலிட்டுக் குளிர்ப் பெட்டியில் வைத்தால் துர்வாசனை குறையும். பூண்டு உரித்த விரல்களில் தேய்த்துக் கழுவலாம். பிசுக்கேறிய இரும்புச் சட்டியையும் துலக்கலாம். துலக்கியபின் சக்கையை வழித்து எடுத்துவிட்டுக் கழுவுக. வெண்பீங்கானில் மட்டும் வேண்டாம், கறை படியும்.

என் துளசி பிழைத்ததா என்று கேட்பீர்கள். இறுகிய அடையைச் சுரண்டி எடுத்து, மக்கிய எருவை ஒரு பிடி இட்டேன். இப்பொழுது புதிதாகத் துளிர்த்திருக்கிறது.