அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்



பியூட்டீஷியன் கோர்ஸ் முடித்து, சொந்தமாக ஒரு பார்லர் வைக்க ஆசைப்படும் பெண்கள் நம் ஊர்களில் பெருகிவிட்டார்கள். குமாரபாளையத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். அப்பா தறி ஓட்டுகிறார், அம்மா நூல் தார் சுற்றுகிறார். மகள் வேறு ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொண்டு நிற்கிறாள். கையில் வேலை இருக்கிறது. வாடிக்கையும் கொஞ்சம் சேர்ந்துவிட்டது. இனி வேண்டியது ஒரு ரூம்தான்.

அந்த ரூமில்தான் பலர் முதலைத் தொலைக்கிறார்கள்.

“மெயின் ரோட்டில் இருந்தால்தானே நாலு பேர் கண்ணில் படும்?” என்று வீட்டில் சொல்வார்கள். மளிகைக் கடைக்கு அது சரி. பார்லருக்குப் பெண்கள் போர்டைப் பார்த்தா வருகிறார்கள்? பக்கத்து வீட்டு அக்காவின் புருவம் திருத்தமாக இருக்கிறதே, எங்கே செய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். எதிரே டீக்கடை, ஆண்கள் கூட்டம் என்றால் உள்ளே நுழையவே கூச்சப்படுவார்கள். மெயின் ரோட்டிலிருந்து திரும்பும் தெருவில், வண்டி நிறுத்த இடத்தோடு, தரைத்தளத்தில் ஒரு ரூம் கிடைத்தால் தாராளமாகப் போதும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். மாத வாடகை 6,000 ரூபாய், பத்து மாத அட்வான்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 60,000 ரூபாய் உரிமையாளர் கைக்குப் போய்விட்டது. முத்ரா திட்டத்தில் ஆரம்ப நிலைக்கான ‘சிசு’ கடனே 50,000 ரூபாய் வரைதான்! கண்ணாடி, நாற்காலி, ஃபேஷியல் பெட், ஸ்டீமர் எல்லாம் எதில் வாங்குவது? அப்போதுதான் நகை அடகுக்குப் போகிறது. த்ரெட்டிங்குக்கு 50 ரூபாய் வாங்கினால், வாடகைக்கு மட்டுமே மாதம் 120 பேருக்குப் புருவம் திருத்த வேண்டும்.

அந்த 120 பேர் எல்லா மாதமும் வருவார்களா? ஆடியில் கல்யாணம் கிடையாது. காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பவானி கூடுதுறையில் பதினெட்டாம் பெருக்குக்கு அவ்வளவு கூட்டம் இருக்கும். பார்லரில் மணப்பெண் இருக்கமாட்டாள். மார்கழியும் அப்படித்தான். தறிக்காரர் குடும்பங்களில் வாரக் கூலி கைக்கு வந்தால்தான் ஃபேஷியல் பற்றிய நினைப்பே வரும். வாடகைக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. அதனால் முகூர்த்த மாத வருமானத்தை வைத்து வாடகை பேசாதீர்கள். ஆடி மாத வருமானத்தை வைத்துப் பேசுங்கள்.

வாடகையே இல்லாமல் தொடங்கினால் என்ன? அழகுக்கலை நிபுணர் ஷானாஸ் ஹுசைன் 1970-களின் தொடக்கத்தில் டெல்லியில் தன் வீட்டு வராந்தாவில்தான் தொழிலைத் தொடங்கினார். வீட்டில் முன்னறை இருந்து, மாமியாரும் சம்மதித்தால் ஆறு மாதம் அங்கேயே நடத்திப் பாருங்கள் என்பதுதான் என் யோசனை. வீட்டிலேயே இருந்தால் குழந்தையையும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒருவர் முகத்தில் க்ரீம் போட்டுக்கொண்டு இருக்கும்போது விருந்தாளி வந்தால் யார் காபி போடுவது? இந்த இடைஞ்சல் தாங்க முடியாமல்தான் பலர் ரூம் தேடுகிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.

ரூம் பார்க்கப் போகும்போது ஒரு பிளாஸ்டிக் மக்கும், ஒரு ஷாம்பு பாக்கெட்டும் கொண்டுபோங்கள். குழாயைத் திறந்து, கையில் ஷாம்பு விட்டுத் தேய்த்துப் பாருங்கள். நுரை சரியாக வரவில்லை என்றால் உப்புத் தண்ணீராக இருக்கலாம். சாயக் கழிவால் இந்தப் பக்கம் நிலத்தடி நீர் கெட்ட கதை நமக்குத் தெரியாததா? அந்தத் தண்ணீரில் ஹேர் ஸ்பா செய்துவிட்டால் முடி நார் போல் நிற்கும். வந்தவர் மறுபடி வரமாட்டார். நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, தொட்டி யாருடையது என்றும் கேட்டுவிடுங்கள்.

தறிப்பட்டறையின் முன்பகுதியைத் தடுத்துக் கொடுக்கிறேன் என்பார்கள். வாடகை குறைவுதான். ஆனால் பஞ்சுத் தூசி ஃபேஷியல் போட்ட முகத்தில் வந்து ஒட்டும். கரண்ட் விஷயத்திலும் கவனம் வேண்டும். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் என்பது தறிக்குத்தான். அந்த இணைப்பிலிருந்தோ வீட்டு மீட்டரிலிருந்தோ ஒயர் இழுத்துக் கடை நடத்தினால், பிடிபடும் நாளில் அபராதம். கடைக்கென்று தனி வணிக இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு முன்னறையில் தொடங்குபவர்களும் இதை விசாரித்துக்கொள்ளுங்கள். நகராட்சி உரிமத்துக்கும் அதே கையோடு விசாரித்துவிடலாம். ஜிஎஸ்டி பற்றிய பயம் வேண்டாம். வருட வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாதவரை பதிவு தேவையில்லை.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் கடைகளுக்கும் பொருந்தும். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத பட்சத்தில், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். நம் ஊரில் பத்து மாதம் கேட்பது பழக்கமாகிவிட்டது. கேட்டால் குறைப்பார்களா? கேட்டுத்தான் பாருங்களேன். காலியாகக் கிடக்கும் ரூமுக்கு உரிமையாளரும் ஆள் தேடிக்கொண்டுதானே இருக்கிறார்? ஐந்து மாதத்துக்கு இறங்கினாலும் ஒரு ஃபேஷியல் பெட் வாங்கும் பணம் மிச்சம்.

வீட்டு ஆண்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அக்ரிமென்ட்டைக் கடை நடத்தப்போகும் பெண்ணின் பெயரிலேயே போடுங்கள். “நான்தானே பேசி முடித்தேன்” என்று அப்பாவோ கணவரோ தன் பெயரில் எழுதிக்கொள்வது வழக்கமாக இருக்கிறது. நாளை அவள் கடனுக்குப் போகும்போது கடை அவளுடையது என்று காட்ட அந்தக் காகிதம்தான் இருக்கும்.

அட்வான்ஸ் பணத்தை ரொக்கமாகத் தராமல் வங்கிக் கணக்கு வழியாகவே அனுப்புங்கள். வாடகை எப்போது, எவ்வளவு ஏறும், பெயின்ட் அடிக்கும் செலவு யாருடையது, பொருத்திய வாஷ் பேசினைக் காலி செய்யும்போது கழற்றிப் போகலாமா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். கடையைக் காலி செய்தால் ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்த வரியும் பத்திரத்தில் இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்