குதிரை வாங்க பர்சனல் லோனா? முதல்ல உட்காரக் கத்துக்குவோம்!



ஜூலை கடைசி வாரம்னா திண்டுக்கல்ல என் ஆபீஸ் எப்படி இருக்கும்னு சொல்லவே வேண்டாம். ஃபார்ம் 16 குவியலுக்கு நடுவுல தலையே தெரியாது. அப்படி ஒரு நாள் ஒரு தம்பி வந்தார். வயசு 27. கோயம்புத்தூர்ல ஐடி வேலை, கைக்கு வர்ற சம்பளம் 48,000. சொந்த ஊர் ரெட்டியார்சத்திரம் பக்கம். ரிட்டர்ன் வேலை முடிஞ்சதும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், 3 லட்சம் பர்சனல் லோன் எடுக்கலாமா?"

"எதுக்குப்பா?"

"குதிரை வாங்க."

நான் சிரிச்சுட்டேன். அவர் சிரிக்கல. அவங்க தாத்தா திண்டுக்கல்ல ஜட்கா வண்டி ஓட்டினவராம். சின்ன வயசுல கேட்ட கதைகள் மனசுல அப்படியே தங்கிடுச்சு. ஆடி மாசம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போயி ஒரு குதிரை பிடிச்சு, ஊர்ல கட்டி வச்சு, சனி ஞாயிறு வந்து ஓட்டணும்ங்கிறது திட்டம்.

ஆடிட்டர் என்ன செய்வான்? கால்குலேட்டரை எடுத்தேன்.

குதிரை ஏறாமலே கீழ விழற கணக்கு

3 லட்சம், 14% வட்டி, 36 மாசம்னு வச்சுக்குங்க. இஎம்ஐ சுமார் 10,250. மொத்தமா கட்டுறது ஏறக்குறைய 3.69 லட்சம். வட்டி மட்டும் 69,000.

இது வாங்குறதுக்கு மட்டும். குதிரை பைக் இல்ல, ஓட்டலைன்னாலும் சாப்பிடும். உடம்பு எடையில சுமார் 2% அளவுக்குக் காய்ஞ்ச தீவனம் தினமும் வேணும். 400 கிலோ குதிரைன்னா ஒரு நாளைக்கு 8 கிலோ, வருஷத்துக்கு கிட்டத்தட்ட 3 டன்! ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பு வெட்டி லாடம் பார்க்கணும். டாக்டர், தடுப்பூசி, கொட்டகை, திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் பார்த்துக்க ஒரு ஆள் சம்பளம். நல்லாப் பராமரிச்சா குதிரை 25, 30 வருஷம் வாழும். லோன் 3 வருஷத்துல முடியும், பொறுப்பு முடியாது.

"இதெல்லாம் சேர்த்து மாசம் 15,000னு வை. அதை எஸ்ஐபி போட்டு 12% வளர்ந்தா 10 வருஷத்துல 34 லட்சத்துக்கு மேல"ன்னு அடிச்சு விட்டேன். குதிரை கீழே தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்ச கதையா ஆயிடும்னு ஒரு பழமொழியும் சேர்த்துக்கிட்டேன்.

தம்பி அமைதியா ஒண்ணு கேட்டார்: "சரி சார். 10 வருஷம் கழிச்சு அந்த 34 லட்சத்தை வச்சு நான் என்ன பண்ணணும்?"

என்கிட்ட பதில் இல்ல.

நான் பண்ணின தப்பு

என் கணக்கு சரி. ஆனா நான் அவர் ஆசையை ஒரு செலவுத் தலைப்பா மட்டும் பார்த்தேன். அவருக்கு வேணும்னது குதிரை ஓட்டுறது. குதிரைக்கு ஓனரா இருக்கிறது வேற விஷயம். இந்த ரெண்டையும் அவரும் குழப்பிக்கிட்டார், நானும் குழப்பிக்கிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி குதிரையேற்றத்தைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். அப்போதான் டிரெஸ்ஸாஜ் கண்ணுல பட்டது.

இது ரேஸ் கிடையாது. பெட்டிங் கிடையாது. 20 மீட்டர் அகலம், 40 அல்லது 60 மீட்டர் நீளம் உள்ள மைதானம். ஓரத்துல எழுத்துகள் வச்சிருப்பாங்க. எந்த எழுத்துக்கிட்ட நடை, எங்க ஓட்டம், எங்க வட்டம், எங்க நிக்கணும்னு முன்கூட்டியே எழுதி இருக்கும். ஒவ்வொரு அசைவுக்கும் நடுவர் 0 முதல் 10 வரை மார்க் போடுவார். கடைசியில சதவீதம். நம்ம பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட் மாதிரியேதான்!

2023 செப்டம்பர் 26 அன்னைக்கு ஹாங்சோ ஆசிய விளையாட்டுல இந்தியா இதுல குழுத் தங்கம் ஜெயிச்சது. சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா ஆகிய நாலு பேர் கொண்ட அணி. குதிரையேற்றத்துல 41 வருஷத்துக்கு அப்புறம் வந்த ஆசிய விளையாட்டுத் தங்கம். அனுஷ் தனிநபர் வெண்கலமும் வாங்கினார்.

ஆனா அந்த உயரத்துல குதிரை விலை, வெளிநாட்டுப் பயிற்சின்னு செலவு நம்ம சம்பளத்துக்குக் கனவுல கூட எட்டாது. மார்க்குல பெரும்பங்கு குதிரையோட நடைக்கும் அசைவுக்கும்தான். நல்ல குதிரைக்குக் காசு வேணும்.

இதுக்குள்ளயே இன்னொரு போட்டி வகை இருக்கு. அதுதான் என்னை உட்கார வச்சது. பேரு டிரெஸ்ஸாஜ் சீட் எக்விடேஷன். இதுல மார்க் குதிரைக்கு இல்ல, மேல உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு! காது, தோள், இடுப்பு, குதிகால் நாலும் ஒரே நேர்கோட்டுல இருக்கா? கை அலையாம இருக்கா? காலாலயும் உடம்பாலயும் குதிரைக்குச் சொல்றது இழுத்துப் பிடிக்காம நடக்குதா? இதைத்தான் நடுவர் பார்ப்பார். அமெரிக்காவுல இதை வயசு வந்த அமெச்சூர்களுக்குன்னே தனியா நடத்துறாங்க. அதாவது வேற வேலை பார்த்துக்கிட்டு, சவாரிக்காகக் காசு வாங்காம, பிடிச்சதுக்காக ஓட்டுறவங்க.

நாம 'அமெச்சூர்த்தனமா இருக்கு'ன்னு திட்டத்தானே அந்த வார்த்தையை வச்சிருக்கோம்? அதோட மூல அர்த்தம் 'நேசிக்கிறவர்'.

என் கருத்து: ஓனர் ஆகாதீங்க, அமெச்சூர் ஆகுங்க

சொந்தக் குதிரை இல்லாம பெரிய ஆள் ஆக முடியுமான்னு கேட்கிறீங்களா? பெங்களூர் ஃபவாத் மிர்சா 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல ரெண்டு வெள்ளி ஜெயிச்சார். அவர் ஏறின குதிரை எம்பசி குழுமத்துக்குச் சொந்தமானது. ஆசிய வெள்ளிக்கே அடுத்தவங்க குதிரை போதும்னா, நம்ம சனிக்கிழமைக்கு ரைடிங் ஸ்கூல் குதிரை போதாதா?

சென்னை, கோவை, ஆரோவில் பக்கமெல்லாம் குதிரையேற்றம் கத்துத் தர்ற இடங்கள் இருக்கு. திண்டுக்கல்ல நமக்குத் தெரிஞ்ச குதிரைச் சவாரி கொடைக்கானல் ஏரியைச் சுத்துறதுதான். அது சும்மா ஒரு ரவுண்டு. கத்துக்கிறது வேற.

தம்பிகிட்ட நான் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். குதிரை மட்டுமில்ல, கேமரா, பைக், கிட்டார் எதுவா இருந்தாலும் இதே கணக்கு.

1. முதல்ல 6 மாச எமர்ஜென்சி ஃபண்ட், டேர்ம் இன்சூரன்ஸ், ஹெல்த் இன்சூரன்ஸ், எஸ்ஐபி. இதுல கை வைக்கக் கூடாது.

2. அதுக்கப்புறம் கைக்கு வர்ற சம்பளத்துல 10% வரைக்கும் ஆசைக்குன்னு தனி அக்கவுண்ட்ல போடுங்க. 48,000ல அது 4,800. இதைச் செலவு பண்ணிட்டு வருத்தப்படக் கூடாது. வருத்தப்படாம செலவு பண்ணத்தான் பட்ஜெட்டே போடுறோம்.

3. ஆசைக்குக் கடன் வேண்டாம். ஒரு வருஷம் வாடகையில பழகுங்க. அதுக்கு அப்புறமும் ஆசை குறையலைன்னா வாங்குறதைப் பத்திப் பேசுவோம்.

4. இன்சூரன்ஸ் பேப்பரைப் படிங்க. ஹெல்த் பாலிசிகள்ல சாகச விளையாட்டுக்கான விலக்கு ஒண்ணு இருக்கும். பெரும்பாலும் அதுல தொழில்முறையா கலந்துக்கிட்டா மட்டும்தான் கிளெய்ம் கிடையாதுன்னு இருக்கும். குதிரைப் பந்தயம்னு பேரே போட்டிருப்பாங்க. அமெச்சூரா இருக்கிறதுக்கு இப்படியும் ஒரு லாபம்! ஆனா பர்சனல் ஆக்ஸிடென்ட் பாலிசியில விதிமுறை வேற மாதிரி இருக்கலாம், தனியா பாருங்க. ஹெல்மெட் மட்டும் சொந்தமா, நல்லதா வாங்குங்க. அதுல சிக்கனம் பார்க்காதீங்க.

5. பிடிச்சதையெல்லாம் சைடு இன்கமா மாத்தணும்னு அவசரப்படாதீங்க. இதைச் சொன்னா என் சேனல்லயே சிலர் கோவிப்பாங்க. பரவாயில்லை. வாரத்துல அஞ்சு நாள் காசுக்காக வேலை செய்றோம். ஒரு நாள் காசு வராத ஒரு வேலையை ஒழுங்கா செஞ்சு பார்க்கிறதுல தப்பே இல்ல.

அப்புறம் என்ன ஆச்சு?

தம்பி கோவைப் பக்கம் ஒரு ரைடிங் ஸ்கூல்ல சேர்ந்தார். மாசம் நாலு கிளாஸ், செலவு 4,000 சொச்சம். முதல் மூணு மாசம் கையில கடிவாளமே குடுக்கலையாம். நடுவுல கோச் நீளக் கயிறு பிடிச்சு நிப்பார், வயசான குதிரை வட்டமா சுத்தும், இவர் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு உட்காரணும். "விழாம உட்காரவே மூணு மாசம் சார்"னார்.

இந்த ஜூலைல ரிட்டர்னுக்கு வந்தப்போ ஒரு போட்டோ காட்டினார். ஸ்கூலுக்குள்ளேயே நடந்த சின்னப் போட்டி. எல்லாருக்கும் ஸ்கூல் குதிரைங்கதான், உட்காருற விதத்துக்கு மட்டும் மார்க். ஏழு பேர்ல அஞ்சாவது. முகத்துல இருந்த சிரிப்பைப் பார்த்தா முதல் பரிசுன்னுதான் நினைப்பீங்க.

"இப்பவும் குதிரை வாங்கணுமா தம்பி?"ன்னு கேட்டேன்.

"வாங்கணும் சார். ஆனா இப்போ வாங்கினா அதுக்கு நான் சரிப்பட மாட்டேன்"னார்.

3 லட்சம் லோன் எடுத்திருந்தா இந்தப் பதில் அவருக்குக் கிடைச்சிருக்காது. அவருடைய எமர்ஜென்சி ஃபண்டும் இந்நேரம் கொள்ளும் புல்லுமா போயிருக்கும்.

சரி, உங்க 'குதிரை' எது? ரொம்ப நாளா லோன் போட்டு வாங்கணும்னு நினைச்சுட்டு இருக்கிற அந்த ஒண்ணு? அதை ஒரு வருஷம் வாடகைக்கு எடுத்துப் பழகினா மாசம் எவ்வளவு ஆகும்னு இன்னைக்கே ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. சம்பளத்துல 10%க்குள்ள வந்தா இந்தச் சனிக்கிழமையே ஆரம்பிச்சுடுங்க. அடுத்த வீடியோவுல பார்ப்போம்.