பௌதிகக் கணக்கும் படமும்

பௌதிகக் கணக்கென்றவுடன் மாணவரிற் பலர் சூத்திரத்தைத் தேடி ஓடுகின்றனர். யாமும் அங்ஙனம் ஓடி இடறியவரே. 60 கிலோகிராம் நிறையுடைய ஒருவன் நிற்கும் மின்தூக்கி, மாறா வேகத்துடன் கீழிறங்குகின்றது. தளம் அவனைத் தாங்கும் விசை யாது? இறங்குவதால் அது எடையினுங் குறையுமென்று எழுதுவோர் பலர். அன்று, எடைக்குச் சமமாகிய 588 நியூட்டனே. வேகம் மாறாதவிடத்து விசைகள் சமனுறும் என்பது 1687-இல் நியூட்டன் வெளியிட்ட முதல் விதியன்றோ? அத்தூக்கியே நிற்கும்பொருட்டு வினாடிதோறும் 2 மீட்டர் வீதம் வேகங்குறையுங்கால், இறங்கும்போதே அவ்விசை 708 நியூட்டனாய் உயர்கின்றது! சூத்திரம் மட்டும் அறிந்தவன் இங்கே கூட்டுவதா கழிப்பதா என மயங்குவான். எடையைக் கீழ்நோக்கியும் தாங்குவிசையை மேல்நோக்கியும் அம்புக்குறியிட்டு, வேகமாற்றத்தின் திசையையுங் குறித்தவனுக்கு அம்மயக்கமில்லை. அத்தகையோன் பெருக்கலிற் பிழைத்தாலும், ஆசிரியர்கள் பாதி மதிப்பெண்ணேனும் அளித்தல் தகுமென்பது எம் துணிபு.