மூலமும் படியும்

தொன்மையைப் போற்றுவோம் என மேடைதோறும் முழங்கும் நாம், தொல்பொருள் ஒன்றையேனும் அருகிருந்து நோக்காமற் கல்லூரியை விட்டகன்ற மாணாக்கர் எத்துணையர் என்று எண்ணிப் பார்த்ததுண்டோ? பொலனறுவையில் அகழ்ந்தெடுக்கப்பெற்ற சைவத் திருமேனிகளுட் பல கொழும்பு நூதனசாலையில் உள்ளன. திருக்கோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையிற் கிடைத்ததெனக் கூறப்படும் தாரா தேவியின் படிமமோ 1830 இல் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்தது. கொழும்பில் நாம் காண்பது அதன் படியே. ஆதலின், படியெடுத்தல் இழிதொழில் என்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று.

படியின் அருமையை ஏதென்சு நகர் உணர்த்தும். 1802 இல் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் பார்த்தினன் கோயிலின் மேற்குச் சிற்பவரிசைக்குச் சாந்து வார்ப்புக்கள் எடுத்தனர். பின்னர் நகரப் புகையால் மூலச் சிற்பங்கள் தேய்ந்தன. அவற்றில் அழிந்துபோன நுட்பங்கள் பல இன்று அவ்வார்ப்புக்களிலேயே எஞ்சியுள. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. படியில்லாப் பொருளின் இழப்பு மீளா இழப்பு என்பதை எமக்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை.

ஆயினும், ஆர்வம் ஒன்றையே துணைக்கொண்டு மூலத்தின்மேற் சாந்தைப் பூசுதல் பெரும்பிழையாம். ஈரச் சாந்து கல்லினுள் நீரைச் செலுத்தி உப்பைக் கிளப்பும். இறுகுங்கால் வெப்பமும் உண்டாகும். சிலிக்கோன் இறப்பர் எளிதிற் கழலுமேனும், அதன் எண்ணெய் நுண்டுளையுள்ள கல்லிலும் சுடுமண்ணிலும் ஊறி நீங்காக் கறையாகும். பொருக்குவிட்ட வெண்கலத்திலும் வண்ணம் எஞ்சிய மரத்திலும் அச்சுக் கழலும்போது மேற்பரப்பும் உடன் கழன்றுவிடும். ஆதலின், பாதுகாப்புக் கலையிற் பயின்றோர் சோதித்துத் தகுமென்ற பொருளையன்றிப் பிறவற்றைத் தீண்டலாகாது. தளர்ந்த பொருளை ஒளிக்கதிராலும் நிழற்படங்களாலும் தொடாமலே அளந்து உருவமைக்கும் முறை இன்று உண்டு. அவ்வுருவிலிருந்து வேண்டிய அச்சுக்களை எடுக்கலாம். மூலத்துக்கு ஊறு நேராது.

ஒவ்வொரு படியிலும் 'படி' என்னும் சொல்லும் வார்த்த ஆண்டும் அழியாவண்ணம் பொறிக்கப்படல் வேண்டும். அன்றேல், அறிவுக்கென ஆக்கியது வஞ்சகர் கைப்பொருளாகும்.

விழா நினைவாக அலங்கார வளைவொன்றை எழுப்புவதினும், இத்தகைய படிகள் நிறைந்த அறையொன்றை எமது கல்லூரிக்கு அளித்தலே பழைய மாணவராகிய எமக்கு அழகு. கண்ணாற் கண்டதைக் கையாற் தடவியும் அறியும் பேறு எம் சிறார்க்கு வாய்க்கட்டும். மூலம் தீங்கின்றி நிலைக்கட்டும்.