இருட்டுக்கு என்ன விலை?

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என் தமக்கை தனியாக வசிக்கிறாள். அத்திம்பேர் விட்டுப்போனவை ஒரு சிறிய மாடி வீடு, குடும்ப பென்ஷன், பாங்கியில் நாலு லட்சம் ரூபாய், அவ்வளவுதான். சென்ற மாதம் அவளிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, மொட்டை மாடியில் சூரியத் தகடு வைக்கிறேன் என்று ஒரு பையன் வந்திருக்கிறான். மூணு கிலோவாட்டாம். பாட்டரியும் சேர்த்து மூணு லட்சத்து அறுபதாயிரம். அதில் எழுபத்தெட்டாயிரம் சர்க்கார் கொடுத்துவிடுமாம். அப்புறம் ஆயுசுக்கும் பில் வராதாம், கரண்டும் போகாதாம். சரி என்று சொல்லிவிடட்டுமா?"

"நாளைக்கு வரச் சொல்லு, அக்கா" என்று சொல்லிவிட்டு, காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கதை எழுதுகிறவனுக்குக் கணக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நாட்டில் கணக்கு எழுதவேண்டியவர்கள் எல்லோரும் கதை எழுதப் புறப்பட்டுவிட்டால், கதை எழுதுகிறவன் கணக்குப் போடாமல் என்ன செய்வான்?

அக்காவின் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 260 யூனிட் ஓடுகிறது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் 2016 முதல் இலவசம். 2024 ஜூலையில் திருத்திய கட்டணப்படி அடுத்த 100 யூனிட்டுக்கு 235 ரூபாய். மிச்சம் 60 யூனிட்டுக்கு 282 ரூபாய். ஆக 517 ரூபாய். வருஷம் முழுவதும் சேர்த்தால் 3,102 ரூபாய். "பில்லே வராது" என்ற அந்த மகத்தான வாக்குறுதியின் முழு மதிப்பு இவ்வளவுதான்.

மானியம் போக அவள் கையிலிருந்து போவது 2,82,000 ரூபாய். அந்தப் பணம் பாங்கியிலேயே நூற்றுக்கு ஏழு வட்டியில் கிடந்தால் வருஷத்துக்கு 19,740 ரூபாய் ஈட்டும். மூவாயிரத்தை மிச்சம் பிடிப்பதற்காகப் பத்தொன்பதாயிரத்தை இழக்கச் சொல்கிறான் அந்தப் பையன். அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. பில் வராது என்பது ஏறக்குறைய நிஜம். அந்த பில் எவ்வளவு என்று அவன் கேட்கவே இல்லை, அவளும் சொல்லவில்லை.

இதைப் படித்துவிட்டு, சூரிய மின்சாரத்துக்கு நான் விரோதி என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். சென்னையில் என் சிநேகிதர் ஒருவர் வீட்டில் மூன்று ஏர்கண்டிஷனர்கள். இரண்டு மாதத்துக்கு 900 யூனிட். 500 யூனிட்டைத் தாண்டியவர்களுக்கு மேல்படிகள் ஏறிக்கொண்டே போகும். அவருக்கு பில் 5,820 ரூபாய். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 720 யூனிட். பகலில் மிஞ்சுவதை வாரியத்தின் கம்பிக்கு அனுப்பி, இரவில் எடுத்ததில் கழித்துக்கொள்ளும் இரட்டை மீட்டர் முறையில் அவர் கணக்கில் நிற்பது 180 யூனிட். பில் 188 ரூபாய். வாரியம் பிடிக்கும் சில்லறைக் கட்டணங்களை நான் இதில் சேர்க்கவில்லை. சேர்த்தாலும், பாட்டரி இல்லாமல் இரண்டு லட்சத்தில் அவர் போட்ட தகடு, மானியம் போக, நாலைந்து வருஷத்தில் முதலைத் திருப்பிவிடும். தகட்டுக்கு உத்தரவாதமோ 25 வருஷம். அவர் போட்டது புத்திசாலித்தனம். அதையே அக்கா போட்டால் பைத்தியக்காரத்தனம். சூரியன் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், பில் ஒன்றல்ல.

இனி பாட்டரிக்கு வருவோம். தகட்டை விற்க லாபத்தைச் சொல்கிறார்கள். பாட்டரியை விற்கப் பயத்தைச் சொல்கிறார்கள். மிஞ்சியதை வாரியம் வரவு வைத்துக்கொள்ளும் வரையில், வாரியத்தின் கம்பியே நமக்குப் பாட்டரி. அதை விட்டுவிட்டு வீட்டில் ஒரு பெட்டி வாங்கி அதில் மின்சாரத்தைச் சேமித்தால், பத்தில் ஒரு பங்கு போட்டு எடுப்பதிலேயே கரைந்துபோகும். பணத்துக்காகப் பாட்டரி வாங்குகிறவன், உண்டியலுக்கு வாடகை கொடுத்துக் காசு சேர்க்கிறவன்.

ஆனால் பயம் எப்போதும் பொய்யல்ல. அக்காவின் பயத்தைப் பொய் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. தென்னந்தோப்புகள் சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன. அக்காவின் தெருவுக்கு விளக்கு வர மூன்று வாரம் ஆயிற்று. குழாயில் தண்ணீர் இல்லை, போன் செத்துப்போயிற்று. அவள் உயிரோடு இருக்கிறாள் என்ற செய்தி நாலாம் நாள்தான் எனக்குக் கிடைத்தது. அந்த நாலு நாளுக்கு எந்த வட்டி விகிதத்தில் விலை போடுவது?

அப்படியானால் தகடு போட்டவர்கள் அந்த நாட்களில் வெளிச்சத்தில் இருந்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. பாட்டரி இல்லாமல் வாரியத்தின் கம்பியோடு இணைத்த தகடு, கம்பியில் மின்சாரம் நின்ற கணமே தானும் நின்றுவிடும். உச்சி வெயில் கொளுத்தினாலும் ஒரு விசிறி சுற்றாது. இது கோளாறு அல்ல, பாதுகாப்பு. கம்பத்தில் ஏறி வேலை செய்கிற ஆளின் உயிரைக் காப்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். சரியான ஏற்பாடுதான். ஆனால் விற்க வருகிறவர்களில் எத்தனை பேர் இதை வாய்திறந்து சொல்கிறார்கள்? மாறாக, தகடு இல்லாமல் வெறும் இன்வர்ட்டரும் பாட்டரியும் வைத்திருந்தால் இரண்டாம் நாளே அதுவும் ஓய்ந்துவிடும்.

அக்காவுக்கு அந்த மூன்று வாரமும் என்னதான் தேவைப்பட்டது? ஒரு விசிறி, இரண்டு விளக்கு, ஒரு போன். புது மாதிரி விசிறி 30 வாட். விளக்குகள் 9 வாட் வீதம் 18. பன்னிரண்டு மணி நேரம் ஓடினாலும் ஏறக்குறைய 0.6 யூனிட். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி கொண்ட சாதாரண ஈய பாட்டரியில் 1.8 யூனிட் அடங்கும். பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். பாதி என்றாலும் 0.9 யூனிட், ஓர் இரவுக்குப் போதும். மறுநாள் அதை நிரப்ப 330 வாட்டில் ஒரே ஒரு தகடு போதும். நல்ல வெயிலில் அது 1.3 யூனிட் தரும். மேகம் பாதியை மறைத்தாலும் விளக்கு எரியும். புயல் எச்சரிக்கை வந்தால் நாலு திருகைக் கழற்றி உள்ளே எடுத்து வைத்துவிடலாம்.

உள்ளூர் எலக்ட்ரீஷியன் இதற்கெல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் சொன்னார். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பாட்டரியை மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். இதனால் ஒரு காசு மிச்சமாகாது. ஆகவேண்டும் என்று யார் கேட்டார்கள்? வாசல் கதவுக்குப் பூட்டு வாங்கும்போது, போட்ட பணம் எத்தனை வருஷத்தில் திரும்பும் என்றா கணக்குப் பார்க்கிறோம்?

மூச்சுக்கு யந்திரத்தை நம்பியிருக்கும் நோயாளி உள்ள வீடும் அப்படித்தான். அங்கே பெரிய பாட்டரியே நியாயம். அங்கும் அது செலவு, முதலீடு அல்ல. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, லாபம் என்று பேர் வைத்து, ஒரு விதவையின் டெபாசிட்டுக்குக் குறி வைப்பதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

இன்னொரு ஆட்சேபணை சர்க்கார்மீது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த வீட்டுச் சூரியசக்தித் திட்டத்துக்கு 75,021 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஒரு கோடி வீடுகளுக்கு மாதம் 300 யூனிட் வரை இலவசம் என்றார்கள். 3 கிலோவாட் போடுகிறவருக்கு 78,000 ரூபாய் மானியம். நல்லது. ஆனால் அந்த மானியம் கம்பியோடு இணைத்த தகட்டுக்குத்தான். கம்பியோடு சேராமல் தனியாக நிற்கும் பெட்டிக்குக் காலணா கிடையாது. மூன்று ஏர்கண்டிஷனர் வைத்திருக்கும் என் சிநேகிதருக்கு எழுபத்தெட்டாயிரம். புயல் கரையில் விசிறியும் விளக்கும் கேட்கும் அக்காவுக்குப் பூஜ்யம். வாடகை வீட்டில் இருக்கிறவனுக்கோ கூரையே சொந்தமில்லை. அவனைப் பற்றிப் பேச்சே இல்லை. வேதாரண்யம் முதல் நாகப்பட்டினம் வரை உள்ள குடிசைகளில் ஆளுக்கு ஒரு தகடும் ஒரு பாட்டரியும் வைக்க அந்தப் பணத்தில் ஒரு துளி ஒதுக்கினால் எந்தக் கஜானா காலியாகிவிடும்?

மறுநாள் அந்தப் பையன் வந்தானாம். அக்கா மீட்டர் அட்டையை அவன் கையில் கொடுத்து, "என் பில் ஐந்நூற்றுப் பதினேழு ரூபாய், தம்பி. இதில் எனக்கு எவ்வளவு மிச்சப்படுத்துவாய்?" என்று கேட்டாளாம். அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டானாம்.

உங்கள் வீட்டுக்கும் ஒருவர் வருவார். அவர் விலைப்பட்டியலை விரிப்பதற்கு முன்னால் நீங்கள் மீட்டர் அட்டையை எடுத்து வையுங்கள்.